மஞ்சளும் மத்தியும் மரச்சீனியும்: உடலழற்சி பற்றி வாசகர் கேள்விகள்

களியக்காவிளை தொடங்கி செங்கோட்டை, குமுளி, கொழிஞ்சாம்பாறை வரை, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்வியில்தான் போய் நிற்கின்றன: “உடம்பில் இருக்கிற அழற்சி குறைய என்ன சாப்பிடலாம்?” சாப்பாட்டுக்கு இதில் பங்கு உண்டு, சந்தேகமில்லை. ஆனால் அழற்சி எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்காமல் தட்டை மட்டும் மாற்றி ஏமாந்தவர்களின் கடிதங்களும் நிறைய வந்திருக்கின்றன. ஒரு மருத்துவரும் ஓர் உணவியலாளரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம்.

எனக்கு வயது 46. முழு உடல் பரிசோதனையில் சி.ஆர்.பி. 6.2 என்று வந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை, மூட்டுவலி இல்லை. “உடம்பில் இன்ஃப்ளமேஷன் இருக்கு” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எதையெல்லாம் நிறுத்த வேண்டும்?
— வாசகர், செங்கோட்டை

சி.ஆர்.பி. என்பது உடம்பில் அழற்சி இருக்கும்போது ரத்தத்தில் கூடும் ஒரு புரதம். எதையும் நிறுத்துவதற்கு முன் அந்த ரிப்போர்ட்டை இன்னொரு முறை பாருங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் மி.கி./லிட்டர் என்று இருக்கிறதா, மி.கி./டெசிலிட்டர் என்று இருக்கிறதா? இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். லிட்டர் கணக்கில் 6.2 என்றால் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். டெசிலிட்டர் கணக்கில் 6.2 என்றால் அது லிட்டருக்கு 62. உடம்பில் எங்கோ கிருமித்தொற்றோ வேறு நோயோ இருக்கிறது, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

லிட்டர் கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் சளி, பல்வலி, காலில் புண், தடுப்பூசி என்று ஏதாவது இருந்ததா? இருந்திருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. இரண்டு மூன்று வாரம் கழித்து, உடம்பு நன்றாக இருக்கும் நாளில், ‘ஹை சென்சிட்டிவிட்டி சி.ஆர்.பி.’ என்று கேட்டு எடுங்கள். இதய நோய் அபாயத்தைக் கணிக்க அந்தப் பரிசோதனையைத்தான் பார்ப்பார்கள்: 1-க்குக் கீழே குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் தொப்பையையும் சாப்பாட்டையும் குற்றம் சொல்லாமல் வேறு காரணத்தைத் தேட வேண்டும். சிலர் ஈ.எஸ்.ஆர். (ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகம்) ரிப்போர்ட்டையும் அனுப்பியிருக்கிறார்கள். ரத்தசோகை இருந்தாலே ஈ.எஸ்.ஆர். ஏறும், வயது கூடினாலும் ஏறும். அதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

மறுபரிசோதனையிலும் 3-க்கு மேல் நின்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது இடுப்பளவு. பேன்ட் சைஸைச் சொல்லாதீர்கள். பெல்ட் தொப்பைக்குக் கீழே இறங்கிவிடுவதால் 34 சைஸ் பேன்ட் போடுகிறவருக்கு வயிறு 40 அங்குலம் இருக்கும். சட்டையைக் கழற்றிவிட்டு, விலாவின் கடைசி எலும்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் விரலால் தொட்டுப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் தையல்நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். மூச்சைச் சாதாரணமாக விட்டு முடிக்கும்போது அளவைப் படியுங்கள், வயிற்றை எக்கக் கூடாது. நம்மவர்களில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை.

இந்த அளவுக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. கொழுப்புச் செல்கள் அளவுக்கு மீறி உப்பும்போது மேக்ரோஃபேஜ் எனும் வெள்ளணுக்கள் அங்கே வந்து குவிகின்றன. ஐ.எல்-6, டி.என்.எஃப். போன்ற வேதிப்பொருள்கள் அங்கிருந்து ஓயாமல் ரத்தத்தில் கலக்கின்றன. ஐ.எல்-6 கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்ததும் கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் வந்த எண் பெரும்பாலும் இப்படி வந்ததாகத்தான் இருக்கும். எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே அது இறங்கத் தொடங்கும். 80 கிலோ ஆளுக்கு 4 முதல் 8 கிலோ.

எடையைக் குறைக்க எங்கே கை வைப்பது? டீக்கடையில் ஆரம்பியுங்கள். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அதாவது 10 கிராம். நாளைக்கு ஐந்து டீ என்றால் 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. முதல் வாரம் ஒவ்வொரு டீயிலும் அரை ஸ்பூன் குறையுங்கள், அடுத்த வாரம் இன்னொரு அரை. ஒரேயடியாக நிறுத்தியவர்கள் பத்தாவது நாள் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறார்கள். ராத்திரி பார்டர் பரோட்டா என்றால் நாலுக்குப் பதில் இரண்டு, கூட இரண்டு அவித்த முட்டை, ஒரு தட்டு வெங்காயம் வெள்ளரிக்காய். மைதா குடலில் ஒட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் பொய். நார்ச்சத்து இல்லாத மாவும் நிறைய எண்ணெயும் சேர்ந்து, பசி அடங்குவதற்குள் தேவைக்கு மேல் சாப்பிட வைத்துவிடுவதுதான் கோளாறு.

நடை: வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில். தசை சுருங்கி விரியும்போது அதுவும் ஐ.எல்-6 விடுகிறது, ஆனால் அந்தக் குறுகிய நேரச் சுரப்பு, அழற்சியை அடக்கும் ஐ.எல்-10-ஐக் கூட்டுகிறது. சாப்பிட்டதும் 10 அல்லது 15 நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏற்றமும் குறையும். இதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது 10 தடவை, மூன்று சுற்று போதும். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். மாதா மாதம் பார்ப்பது பணத்துக்குத்தான் கேடு.

சர்க்கரை வியாதி இருக்கிறது. பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருகிறது. பல் டாக்டர் கிளீன் பண்ணச் சொன்னார். “கிளீன் பண்ணினால் பல் ஆடிப்போகும்” என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.
— வாசகி, கம்பம்

அம்மா, கட்டாயம் செய்துகொள்ளுங்கள். ஈறு அழற்சியை ‘வாயோடு போகிற விஷயம்’ என்று நினைப்பதால்தான் பலருக்கு சர்க்கரை கட்டுக்குள் வராமல் இழுக்கிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் பள்ளம் விழுந்து, அதில் கிருமி தங்கி, நாள் முழுக்க அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கலக்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்ய அவை விடுவதில்லை. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் ஹெச்.பி.ஏ1சி (மூன்று மாத சர்க்கரை அளவைக் காட்டும் பரிசோதனை) சராசரியாக 0.4 அளவு குறைகிறது. 8.2 இருந்தவருக்கு 7.8. கூடுதல் மாத்திரை எதுவும் இல்லாமல் கிடைக்கும் பலன் இது.

பல் ஆடும் என்ற பயம் எங்கிருந்து வருகிறது என்றால்: ஆண்டுக்கணக்கில் சேர்ந்த காறை பற்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும், வீங்கிய ஈறு இடைவெளியை மறைத்திருக்கும். காறையை எடுத்து வீக்கமும் வடிந்ததும், ஏற்கெனவே கரைந்துபோன எலும்பு விட்டுச்சென்ற சந்து கண்ணுக்குத் தெரிகிறது. பல்லை ஆட வைத்தது காறைதான், அதை எடுத்த டாக்டர் அல்ல. காலையும் ராத்திரியும் இரண்டு இரண்டு நிமிடம், பிரஷ்ஷை ஈறோரத்தில் சாய்த்து வைத்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். ரத்தம் வருகிற இடத்தைத் தேய்க்காமல் விடுவதுதான் பெரிய தவறு. அங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால், அதை விடாமல் ஈறு தேறாது.

தினமும் ராத்திரி மஞ்சள்பால் குடிக்கிறேன். முழங்கால் வலி குறையவில்லை. மஞ்சள் மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?
— வாசகி, மார்த்தாண்டம்

மஞ்சளில் அழற்சியைத் தணிக்கும் பொருள் குர்குமின். சாதாரண மஞ்சள்தூளில் அது 3 சதவீதம் அளவில்தான் இருக்கிறது. ஆலப்புழை மஞ்சள் என்றால் 5 சதவீதத்துக்கு மேல் போகும். நீங்கள் பாலில் போடுவது அரை ஸ்பூன், ஒன்றரை கிராம் என்றால் அதில் குர்குமின் 45 மில்லிகிராம். முழங்கால் தேய்மானத்துக்கு ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்த அளவு நாளைக்கு 500 முதல் 1500 மில்லிகிராம். அதுவும் குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெரும்பகுதி வெளியே போய்விடும். அதனால் மஞ்சள்பால் குடியுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும், தூக்கத்துக்கு முன் ஒரு டம்ளர் பால் நல்லதுதான். வலி குறையும் என்று அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில்தான் எங்களுக்குக் கவலை. மிளகிலுள்ள பைப்பரின் சேர்த்தால் குர்குமின் உறிஞ்சப்படுவது 20 மடங்கு கூடும் என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதிலிருந்து பல மாத்திரைகளில் மிளகுச் சத்தையும் சேர்க்கிறார்கள். உறிஞ்சுவது கூடும்போது கல்லீரலுக்குச் சுமையும் கூடுகிறது. இந்த வகை மாத்திரைகளால் மஞ்சள்காமாலை வந்தவர்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். பைப்பரின் மற்ற மருந்துகள் ரத்தத்தில் தங்கும் அளவையும் மாற்றும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பித்தப்பையில் கல் உள்ளவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் தொடவே வேண்டாம். மற்றவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு எட்டு வாரம் பார்க்கலாம். பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். நடுவில் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ, சாப்பாட்டைக் கண்டால் குமட்டினாலோ அன்றே நிறுத்த வேண்டும்.

இன்னொன்று: கண்ணைப் பறிக்கும் மஞ்சள் நிறத்தில் உதிரியாகக் கிடைக்கும் தூளை வாங்காதீர்கள். நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலக்கும் மோசடி உண்டு. கிழங்காக வாங்கிக் காயவைத்து அரைத்துக்கொள்வது நல்லது.

சாளை மீன் உடம்புக்கு நல்லது என்கிறார்கள். மீன் எண்ணெய் மாத்திரை எடுப்பதற்குப் பதில் அதையே சாப்பிட்டால் போதுமா? வாரம் எத்தனை நாள்?
— வாசகர், கொல்லங்கோடு, கன்னியாகுமரி மாவட்டம்

போதும். உங்கள் ஊர்க்காரர்களுக்கு மாத்திரைக்குச் செலவழிக்க அவசியமே இல்லை. சாளை, அதாவது மத்தியில், பருவத்தைப் பொறுத்து 100 கிராமுக்கு 1 கிராமோ அதற்கு மேலோ ஒமேகா-3 இருக்கும். கடையில் விற்கும் 1000 மில்லிகிராம் மீன் எண்ணெய் மாத்திரையில் ஒமேகா-3 பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான். பாட்டிலின் முன்பக்க எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், பின்பக்கம் இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. என்று தனியாகப் போட்டிருப்பதைக் கூட்டிப் பாருங்கள். வாரம் இரண்டு நாள், ஆளுக்கு நாலைந்து சாளையோ இரண்டு நடுத்தர அயிலையோ (கானாங்கெளுத்தி) போதுமானது.

இந்த ஒமேகா-3 செய்கிற வேலை என்ன? உடம்பின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் அராக்கிடோனிக் அமிலம் இருக்கிறது; வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் பொருள்கள் அதிலிருந்துதான் தயாராகின்றன. மீன் கொழுப்பு அதன் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் உட்காருகிறது. செல்சவ்வு மாறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால், ஒரு நாள் இரண்டு கிலோ வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மாதம் முழுக்க விட்டால் பயனில்லை. குடம்புளி போட்டு மண்சட்டியில், கொதி வந்தபின் 10, 12 நிமிடம் சிறுதீயில் வைத்து இறக்கும் குழம்புதான் சிறந்தது. கரைகிற கொழுப்பு குழம்பிலேயே தங்கும். நேற்று அப்பளம் பொரித்த எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்தால், மீனின் நல்ல கொழுப்பு எண்ணெயில் இறங்கி, சிதைந்த எண்ணெய் மீனுக்குள் ஏறும்.

மீன் விஷயத்தில் ஒரு கோளாறை ‘அலர்ஜி’ என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் மீனை ஒதுக்கி வைத்தவர்கள் உண்டு. சாளை, அயிலை, சூரை மூன்றும் ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தாலே கிருமிகள் அதன் சதையில் ஹிஸ்டமின் உண்டாக்கிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட அரை மணி, ஒரு மணி நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். கடற்கரையிலிருந்து உள்ளூருக்கு வெயிலில் வண்டியில் வரும் மீனில் இது நடக்கும். செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச்சிவப்பாக இருக்க வேண்டும். கண் உள்ளே குழியக் கூடாது. சாளையின் வயிறு உடைந்து குடல் வெளியே வந்திருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வாங்கியதும் ஐஸில் வையுங்கள்.

மீன் சாப்பிடாத வாசகர்களுக்கு: ஆளிவிதையை லேசாக வறுத்துப் பொடித்து, நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி. முழு விதையாக விழுங்கினால் அப்படியே வெளியே போகும். அதிலுள்ள ஒமேகா-3 வேறு வகை. உடம்பு அதில் சிறு பங்கைத்தான் மீனிலுள்ள வகையாக மாற்றிக்கொள்கிறது. ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

எனக்கு 44 வயது. சனிக்கிழமை கள்ளும் பீஃப் வறுவலும் சாப்பிட்டுப் படுத்தால் விடியற்காலை கால் கட்டைவிரல் நெருப்பாக எரிகிறது, போர்வை பட்டால்கூட உயிர் போகிறது. யூரிக் ஆசிட் 9.1. அதைக் குறைக்க அலோபியூரினால் கொடுத்தார்கள், வலி நின்றதும் நிறுத்திவிட்டேன். இப்போது பருப்பு, கீரை எல்லாவற்றையும் நிறுத்தியும் மறுபடி வந்துவிட்டது.
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

நிறுத்த வேண்டியதைத் தொடர்ந்துவிட்டு, தொடர வேண்டியதை நிறுத்தியிருக்கிறீர்கள். யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் இந்த வலிக்கு ‘கவுட்’ என்று பெயர். பருப்பும் கீரையும் காலிஃபிளவரும் கவுட் வலியைக் கொண்டுவருவதில்லை. உடைந்தால் யூரிக் ஆசிட்டாகும் பியூரின் அவற்றிலும் உண்டு என்றாலும் அவை நோயைத் தூண்டுவதாகத் தெரியவில்லை. நாளையிலிருந்து தாராளமாகச் சாப்பிடுங்கள். தயிரும் மோரும் யூரிக் ஆசிட்டைக் கொஞ்சம் இறக்கவே செய்யும்.

உங்கள் சனிக்கிழமையில் மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. மது எதுவானாலும் சிறுநீரகம் யூரிக் ஆசிட்டை வெளியேற்றுவதைத் தடுக்கும். கள்ளில் ஈஸ்ட்டும் உண்டு, அது பியூரின் நிறைந்த பொருள். பீரும் இதே கதைதான். அதோடு மாட்டிறைச்சி, பின்னிரவில் தண்ணீர் குறைவு. ரத்தத்தில் யூரிக் ஆசிட் 6.8-ஐத் தாண்டினால் அது கரைந்து நிற்க முடியாமல் ஊசி ஊசியாகப் படியத் தொடங்குகிறது. உடம்பிலேயே குளிர்ந்த ஓரம் கட்டைவிரல் மூட்டு, அதனால் அங்கே முதலில் படிகிறது. வெள்ளணுக்கள் அந்த ஊசிகளை விழுங்கப் போய்த்தான் அந்த எரிச்சலும் வீக்கமும்.

ஒதுக்க வேண்டியவை: கள், பீர் உட்பட மது, ஈரல், மண்ணீரல், மூளை, பாட்டில் குளிர்பானங்கள், ஏனென்றால் சர்க்கரையிலுள்ள ஃப்ரக்டோஸ் உடைந்தும் யூரிக் ஆசிட் வரும். போன பதிலில் நாங்கள் புகழ்ந்த மத்தியையும், நெத்திலியையும், கல்லும்மக்காயையும் (சிப்பி வகை) நீங்கள் யூரிக் ஆசிட் கட்டுக்குள் வரும்வரை தள்ளிவையுங்கள். தண்ணீர் இரண்டு, இரண்டரை லிட்டர். இதய, சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டர் சொல்லும் அளவு. ஆனால் சாப்பாட்டை எவ்வளவு கட்டினாலும் யூரிக் ஆசிட் சுமார் 1 புள்ளிதான் இறங்கும். 9.1-லிருந்து 6-க்குக் கீழே வர மாத்திரை வேண்டும், நீண்டகாலம் வேண்டும்.

மாத்திரை தொடங்கியதும் ஏன் வலி வருகிறது என்று பலர் பயந்து நிறுத்துகிறார்கள். படிந்த ஊசிகள் கரையும்போது முதல் சில மாதம் வலி கிளம்பலாம். அதற்காகத்தான் அலோபியூரினாலை 100 மில்லிகிராம் போன்ற சிறிய அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள், கூடவே அந்த வலியைத் தடுக்க கோல்சிசின் மூன்று முதல் ஆறு மாதம் கொடுப்பார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வலி வந்தால் அலோபியூரினாலை நிறுத்தாதீர்கள். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்த ரத்தத்தில் யூரிக் ஆசிட் சரியாக இருப்பதுபோலக் காட்டலாம். இரண்டு வாரம் கழித்துப் பார்க்க வேண்டும். பிரஷருக்கு நீர்ப்பிரிக்கும் மாத்திரை சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் யூரிக் ஆசிட்டை ஏற்றும். ஒற்றை மூட்டு வீங்கிச் சூடாகி, குளிர்க்காய்ச்சலும் சேர்ந்தால் அது கவுட் என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம்.

அம்மாவுக்கு 52 வயது, முடக்குவாதம். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தார்கள். மலைக்கு அந்தப்புறம் ஒரு வைத்தியர், இங்கிலீஷ் மருந்தை நிறுத்தச் சொல்லி ஒரு பொடி கொடுத்தார். கத்தரிக்காய், தக்காளி, மீன் எல்லாம் விலக்கு. கர்க்கடகக் கஞ்சியும் (ஆடி மாத மூலிகைக் கஞ்சி) குடிக்கிறார்கள். முதல் மாதம் வலியே இல்லை. இப்போது முகம் உப்பியிருக்கிறது, விரல்கள் மறுபடி வீங்குகின்றன.
— வாசகி, புளியரை

இந்தக் கடிதத்துக்குப் பத்திரிகை வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று தனியாகவும் பதில் அனுப்பியிருக்கிறோம். உடனே மூட்டுநோய் டாக்டரிடம் அழைத்துப் போங்கள், பொடியையும் கையோடு எடுத்துப் போங்கள். பெயரும் சேர்மானமும் எழுதாத பொடி, முதல் மாதமே மாயமாக வலி போவது, முகம் உப்புவது மூன்றும் சேர்ந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்பட்டே ஆக வேண்டும். அப்படியிருந்தால் பொடியைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டை அதற்குள் நிறுத்தியிருக்கும். மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் வரலாம். எப்படி இறக்குவது என்று டாக்டர் சொல்வார்.

முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுச் சவ்வைத் தாக்குகிறது. தாக்குதல் நடக்கும் ஒவ்வொரு மாதமும் எலும்பு அரிக்கப்படுகிறது, அரித்தது திரும்ப வராது. சாப்பாட்டால் மட்டும் இதை நிறுத்த முடியாது. நல்ல ஆயுர்வேத, சித்த மருத்துவர்கள் ஓடும் மருந்தை நிறுத்தச் சொல்வதில்லை. இரண்டு மருந்தையும் பற்றி இரண்டு பக்கமும் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

மெத்தோட்ரெக்ஸேட்டை நீங்களாக மறுபடி தொடங்காதீர்கள். ரத்த அணுக்களும் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்தபின்தான். தொடங்கியதும் ஒன்றை மறக்கவே கூடாது: அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மருந்து. தவறிப்போய் தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜை படுத்துவிடும், உயிருக்கே ஆபத்து. ‘ஞாயிறு’ என்றால் அட்டையின் மேல் பெரிய எழுத்தில் எழுதி, காலண்டரில் போட்டதும் வட்டமிடுங்கள். பக்கவிளைவைக் குறைக்கக் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் வேறு நாளில். முழுப் பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும், அதுவரை பொறுமை வேண்டும்.

பத்தியம் பற்றி: மீனை விலக்கியதால் நஷ்டம்தான், மேலே எழுதியதைப் பாருங்கள். கத்தரிக்காயும் தக்காளியும் எல்லோருக்கும் ஆகாது என்பதற்கு ஆதாரமில்லை. அம்மாவுக்குச் சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்த்துவிடலாம்: மருந்து நிலையாக ஓடும்போது, ஒரு காயை மட்டும் மூன்று வாரம் நிறுத்தி, பிறகு மூன்று நாள் தொடர்ந்து கொடுங்கள். காலையில் எழுந்ததும் விரல் மடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று தினமும் குறித்து வையுங்கள். வித்தியாசம் தெரிந்தால் அதை விடுங்கள், தெரியாவிட்டால் சாப்பிடட்டும். ஒரே சமயத்தில் ஐந்து பொருளை நிறுத்தினால் எது காரணம் என்று யாருக்கும் தெரியாது.

கஞ்சி விஷயம் எளிது. ஞவரை அரிசி, வெந்தயம், சீரகம், தேங்காய்ப்பால் போட்டு வீட்டில் காய்ச்சினால் நல்ல உணவு. மூலிகைப் பொட்டலம் போட்ட பாக்கெட் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்ற அட்டையை டாக்டரிடம் காட்டுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டும் கல்லீரலைத் தொடும் மருந்து.

ரப்பர் பால்வெட்டு வேலை. ராத்திரி பதினொன்றுக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்திருக்கிறேன். பீடி ஒரு கட்டு. உடம்பெல்லாம் வலி, பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்கிறார்கள்.
— வாசகர், குலசேகரம்

வெயில் ஏறுவதற்கு முன்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும், எழும் நேரத்தை உங்களால் மாற்ற முடியாது. படுக்கும் நேரத்தை மாற்றலாம். நாலு மணி நேரத் தூக்கம் தொடர்ந்தால் அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கூடும், வலி தாங்கும் சக்தியும் குறையும். கை வலி, தோள் வலி எல்லாம் இரண்டு மடங்காகத் தெரியும். சாப்பாட்டை ஏழு மணிக்கு முடியுங்கள், எட்டரைக்கு விளக்கை அணையுங்கள். போனை அடுத்த அறையில் வையுங்கள். முதல் வாரம் தூக்கம் வராது. தினமும் அரை மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். பால் எடுத்து, ஷீட் அடித்து, மதியம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் தூங்கலாம், மூன்று மணிக்குமேல் படுக்க வேண்டாம். பிற்பகல் இரண்டுக்குப்பின் கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) வேண்டாம். குறட்டை பலமாக விட்டு நடுவில் மூச்சு நிற்பதாக வீட்டில் சொன்னால் அதற்குத் தனியாகப் பரிசோதனை இருக்கிறது.

பீடி: அது ரத்தக்குழாய்ச் சுவரிலேயே அழற்சியை வைத்திருக்கிறது. விட்டபின் முழுதாக அடங்கச் சில ஆண்டு ஆகும், ஆனால் விட்ட நாளிலிருந்தே இறங்கத் தொடங்கும். எழுந்த அரை மணிக்குள் முதல் பீடி பற்றவைக்கிற ஆள் என்றால் நிகோடின் சூயிங்கம் 4 மில்லிகிராம், இல்லையென்றால் 2. மெதுவாக மென்று, சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். மிட்டாய்போல மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும். 1800-11-2356 என்ற மத்திய அரசின் இலவச எண்ணில் கூப்பிட்டுப் பேசலாம்.

தேங்காய் எண்ணெய் அழற்சியைக் கூட்டுமா? — வாசகி, பாறசாலை

மற்ற சமையல் எண்ணெய்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் சி.ஆர்.பி.யில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பை ஏற்றுகிறது, அது உறுதி. அவியலில் கடைசியாக ஊற்றும் ஒரு ஸ்பூனுக்கு நாங்கள் தடை சொல்ல மாட்டோம். தாளிக்க, பொரிக்க எல்லாவற்றுக்கும் அதுவே என்றால் பாதியைக் கடலை எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ மாற்றுங்கள். எந்த எண்ணெயானாலும் மொத்தம் ஆளுக்கு மாதம் அரை, முக்கால் லிட்டர். கறுத்து, நுரைத்து, புகைகிற எண்ணெய் எதுவானாலும் கீழே கொட்ட வேண்டியது.

மட்டை அரிசிக்கு (கேரளச் சிவப்புப் புழுங்கலரிசி) மாறினால் போதுமா? மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) ஆகுமா? — வாசகர், நெடுமங்காடு

மட்டையில் தவிடு கொஞ்சம் நிற்பதால் வெள்ளையரிசியைவிட நல்லது. ஆனால் இரண்டு தட்டு மட்டைச் சோறு ஒரு தட்டு வெள்ளைச் சோற்றைவிட மோசம். சோற்றைக் கால் தட்டாக்கி, பயறும் தோரனும் (தேங்காய் போட்ட பொரியல்) முக்கால் தட்டை நிரப்பட்டும். நார்ச்சத்து நாளைக்கு 30 கிராம் அளவுக்கு வேண்டும். குடல் கிருமிகள் அதைப் புளிக்க வைத்து உண்டாக்கும் ப்யூட்டிரேட்தான் குடல்சுவரைக் காத்து அழற்சியை அடக்குகிறது. ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும், வாரத்துக்கு ஒரு கைப்பிடி பயறாகக் கூட்டுங்கள். மரச்சீனி முழுக்க மாவு. தோலும் நரம்பும் எடுத்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, சோற்றோடு அல்லாமல் சோற்றுக்குப் பதிலாக மீன்குழம்போடு சாப்பிடுங்கள்.

பழங்கஞ்சி குடித்தால் வாதம் கூடும் என்கிறார்களே? — வாசகி, மீனாட்சிபுரம்

கூடாது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 36 பேரை வைத்து நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், தயிர்போன்ற புளித்த உணவுகளைப் பத்து வாரம் நிறையச் சாப்பிட்டவர்களுக்கு ரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. பழங்கஞ்சியை அங்கே சோதிக்கவில்லை. ஆனால் அதிலும் மோரிலும் அந்த வகைக் கிருமிகள் உயிரோடு இருக்கின்றன. இட்லி, ஆப்பத்தில் வேகும்போது செத்துவிடும். ஒன்றே ஒன்று கவனம்: மதியச் சோற்றை ராத்திரிவரை வெளியே போட்டுவைத்துப் பிறகு தண்ணீர் ஊற்றக் கூடாது, வாந்திபேதி தரும் கிருமி அந்த நேரத்தில்தான் பெருகும். ராத்திரி வடித்த சோற்றைப் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சுத்தமான தண்ணீர் ஊற்றி மண்பானையில் மூடுங்கள். எட்டு முதல் பத்து மணி நேரம். மெல்லிய புளிப்பு வாசம் சரி. நூல்நூலாக இழுத்தாலோ கெட்ட வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். மோர், சின்ன வெங்காயம், காந்தாரி மிளகாய் போதும். ஊறுகாயும் கருவாடும் சேர்ந்தால் நாளுக்கான 5 கிராம் உப்பு காலையிலேயே முடிந்துவிடும்.